இரண்டாம் பக்கத்தின் கடைசி வட்டம்

உங்கள் மின்விசிறிக்குக் கொஞ்சம் எண்ணெய் போடச் சொல்லுங்கள். பெரிய சத்தம் ஒன்றுமில்லை, ஐம்பது டெசிபெல் இருக்கும். ஆனால் நாள் முழுக்க இந்த அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்குச் சாயங்காலம் தலை வலிக்கும், ஏன் வலிக்கிறது என்று தெரியாது. தவறாக நினைக்காதீர்கள், தொழில் புத்தி. எங்கே போனாலும் எனக்கு முதலில் காதில்தான் படும்.

இருபத்தொன்பது வருஷமாகக் காது பரிசோதகனாக இருக்கிறேன். கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் எங்கள் நிலையம். அறைக்குள் ஓர் அறை கட்டியிருப்போம், சுவரெல்லாம் பஞ்சு வைத்து. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு ஹெட்ஃபோன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருப்பேன். என்னிடம் வந்தவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. ஊசி என்றாலே ஊரைக் கூட்டும் குழந்தைகள்கூட என்னிடம் அழாமல் உட்காரும்.

அண்ணனைப் பற்றிச் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். ஆனால் ஆரம்பத்திலிருந்து வந்தால்தான் புரியும், இல்லாவிட்டால் நான் ஏதோ மிருகம் என்று எழுதிக்கொள்வீர்கள்.

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அப்பா போனபோது எனக்குப் பத்து வயது. அண்ணன் படிப்பை விட்டுவிட்டுப் பேருந்துப் பணிமனையில் டைம்கீப்பர் வேலைக்குப் போனார். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று குறிக்கிற வேலை. அந்தச் சம்பளத்தில்தான் என்னைப் படிக்க வைத்தார். காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "அண்ணன் மட்டும் இல்லேன்னா நீ என்னடா ஆயிருப்பே?" என்று என்னிடம் கேட்காத உறவினர் கிடையாது. நானும் தலையாட்டுவேன். அத்தனையும் உண்மை. ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது, ஊருக்கு வெளியே இருந்த காகித ஆலையில் புது இயந்திரம் பொருத்த ஒரு ஜெர்மன்காரர் வந்திருந்தார். கல்லூரி விடுமுறையில் அங்கே சரக்கறையில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிப் போகிற அன்றைக்கு, பெட்டி மூடவில்லை என்று பதினோரு இசைத்தட்டுகளை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். எல்லாம் அவர் நாட்டுப் பையன்கள் பத்து வருஷத்துக்கு முன்னால் போட்டவை. ராக் என்று சொன்னாலும் அதில் நமக்குத் தெரிந்த ராக் எதுவும் இருக்காது. அப்பன் பாட்டன் பாடியதும் வேண்டாம், அமெரிக்காவிலிருந்து வருவதும் வேண்டாம் என்று, பழைய கட்டடங்களில் போய் உட்கார்ந்துகொண்டு, கையில் கிடைத்ததையெல்லாம் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒரே தாளம், இருபது நிமிஷம். மாறாது. அதற்கு மேல் ஏதோ ஒரு கருவி ரீங்காரம் போடும். முதல் ஐந்து நிமிஷம் எரிச்சலாக இருக்கும். பத்தாவது நிமிஷம் தாளம் வெளியே இருக்கிறதா நமக்குள்ளே இருக்கிறதா என்று தெரியாது. எனக்கு அப்பா போனதற்குப் பிறகு முதல் தடவையாக மனசு நிம்மதியாக இருந்தது அந்தச் சத்தத்துக்குள்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அதில் எனக்கு உயிர் ஸீகல்ஹோஃப் என்ற குழுவின் தட்டு. செங்கல் சூளை என்று அர்த்தமாம். மூடிக் கிடந்த சூளைக்குள்ளேயே பதிவு செய்தார்கள். முந்நூறு தட்டு அடித்து, நாற்பதுகூட விற்காமல், குழுவே கலைந்துவிட்டது.

அண்ணன் பணிக்குப் போனதும் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய ரெக்கார்ட் பிளேயரில் போட்டுக் கேட்பேன். ஒரு நாள் அவர் சீக்கிரம் வந்துவிட்டார். வாசலிலேயே நின்று இரண்டு நிமிஷம் கேட்டார். திட்டியிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன். அவர் திட்டவில்லை, சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார், பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டார். "வாங்க வாங்க, எல்லாரும் வந்து கேளுங்க. எங்க வீட்ல தண்ணி மோட்டார் பாடுது." அன்றிலிருந்து என் பேர் மோட்டார்.

அடுத்த மாசம் பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தால், மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாகப் பதினோரு கறுப்புத் தொட்டிகள். தட்டுகளைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி, இளகியதும் கிண்ணத்தின் மேல் கவிழ்த்து அமுக்கினால் அழகாகத் தொட்டியாகிவிடும். நடுவில் ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது, தண்ணீர் வடிய வசதி. ஒவ்வொன்றிலும் மண் போட்டு மணி பிளான்ட் வைத்திருந்தார். அண்ணன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "பாத்தியாடா மோட்டார், இப்பத்தான் இதெல்லாம் உருப்படியா ஆச்சு" என்றார். அம்மா செடி பிடித்திருக்கிறது என்றாள். அதற்குப் பிறகு ஆறு வருஷம் அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியது நான்தான். நன்றாகத்தான் வளர்ந்தன.

இது சின்ன விஷயம் என்று உங்கள் முகம் சொல்கிறது. ஒரு தடவை நடந்தால் சின்ன விஷயம்தான். ஆனால் அண்ணன் நல்ல நகைச்சுவைக்காரர், கூட்டம் சேர்ந்தால் எல்லாரும் அவரைத்தான் பார்ப்பார்கள். ஒவ்வொரு விசேஷத்திலும், சாப்பாடு முடிந்ததும், யாராவது ஒருவர் "அந்த மோட்டார் பாட்டு" என்று எடுத்துக் கொடுப்பார்கள். அண்ணன் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு டும் டும் டும் டும் என்று அடித்தபடி, மூக்கால் ரீங்காரம் போட்டு, கண்ணைச் செருகிக்கொண்டு என்னைப் போலவே தலையாட்டிக் காட்டுவார். நாற்பத்திரண்டு வருஷம். எனக்கு ஒருத்தியைப் பிடித்திருந்தது. வீட்டுக்கு அழைத்து வந்தேன். அன்றைக்கும் நடந்தது. அவளும் சிரித்தாள், சோபாவில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதனால்தான் அவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை என்று சொல்ல மாட்டேன், வேறு காரணங்களும் இருந்தன. அண்ணனுக்குப் பெண் பிறந்தது. அந்தக் குழந்தை பேசப் பழகியதும் என்னை மோட்டார் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டது. நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் கோபக்காரன் என்று ஆகிவிடுமே.

போன வருஷம் ஒரு கடையில் ஸீகல்ஹோஃப் தட்டைப் பார்த்தேன். புதிதாக, கனமான உறைக்குள், இருபத்துநாலு பக்கப் புத்தகத்தோடு. கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைக்காரப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "இதெல்லாம் இப்ப செம டிமாண்ட் சார். அந்தக் காலத்துல யாருமே கண்டுக்கல, இப்ப எல்லாம் கிளாசிக்" என்றாள். என்னிடம் இருந்த பதினொன்றில் ஒன்பது மறுபடி வந்திருப்பதாகச் சொன்னாள். ஒன்பதையும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஊசியை வைத்துவிட்டு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கடிதம் இருந்தது. அந்தக் காலத்தில் இந்தத் தட்டை 'துணி துவைக்கும் இயந்திரத்தின் சங்கீதம்' என்று எழுதிக் கிழித்த விமர்சகர் ஒருவர் எழுதியது. அவருக்கு இப்போது எண்பது வயது. அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகத் தமிழில் எழுதிப் பார்த்தேன். 'என் காது அப்போது தயாராக இல்லை. சிரித்தது என் அறியாமை. அந்த இளைஞர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.' இவ்வளவுதான். நான் அண்ணனிடம் எதிர்பார்த்ததும் இவ்வளவுதான். மன்னிப்புக்கூட வேண்டாம். 'நல்லா இருக்குடா' என்று ஒரு தடவை அவர் வாயால் சொன்னால் போதும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தட்டையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போவதாக இருந்தேன். வெள்ளிக்கிழமை அவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது.

வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. நாம் பேசுவது புரிந்தது, பதில்தான் வரவில்லை. அண்ணி போய் நாலு வருஷம் ஆகிறது. அண்ணன் மகள் பயண அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், வீடு பக்கத்துத் தெரு. மூன்று வாரம் கழித்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பகலில் நான், இரவில் அவள் என்று பிரித்துக்கொண்டோம், நிலையத்தில் எனக்கு ஏற்ற நேரத்தில் மட்டும் பதிவு வைத்துக்கொண்டேன். டாக்டர் ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். ரத்த அழுத்தம் ஏறக் கூடாது, இன்னொரு தடவை தாங்க மாட்டார் என்று. நான்தான் அழுத்தம் பார்க்கும் கருவி வாங்கி, ஒரு நோட்டுப் போட்டு, தினம் குறிக்க ஆரம்பித்தேன்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வர ஏற்பாடாயிற்று. பயிற்சி தொடங்குவதற்கு முன்னால் காது பரிசோதனை வேண்டும் என்றாள், அது வழக்கம்தான். "வெளிய எதுக்கு சித்தப்பா? நீங்களே பாத்துடுங்களேன்" என்றாள் அண்ணன் மகள். நானே பார்த்தேன். உறவுக்காரரை நாமே பரிசோதிக்கக் கூடாதென்று எங்கள் நிலையத்தில் ஒரு விதி உண்டு, யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சக்கர நாற்காலியோடு அந்த அறைக்குள் விட்டு, இடது கையில் பொத்தானைக் கொடுத்தேன். கேட்கும் திறன் அருமையாக இருந்தது, வயதுக்கு மீறிய காது. அடுத்தது தாங்கும் எல்லை. சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய், எந்த இடத்தில் தாங்கவில்லை என்று பார்ப்போம். நீங்களும் நானும் தொண்ணூறு, நூறு வரைக்கும் தாங்குவோம். அண்ணன் முகம் ஐம்பத்தைந்திலேயே சுளித்தது. அறுபதில் பொத்தானைக் கீழே போட்டுவிட்டு ஹெட்ஃபோனைப் பிடித்து இழுத்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன், கன்னமெல்லாம் கண்ணீர்.

மூளையில் அடிபட்டவர்களில் யாரோ ஒருவருக்கு இப்படி ஆகும். என் அனுபவத்தில் மூன்று பேரைப் பார்த்திருக்கிறேன். சத்தத்தை அளந்து வாங்குகிற இடம் கெட்டுப்போய்விடும். அறுபது டெசிபெல் என்றால் என்ன தெரியுமா? இப்போது நான் உங்களிடம் பேசிக்கொண்டிருப்பது. ஸ்பூன் கீழே விழுந்தால் அவருக்குக் காதில் ஆணி இறங்குகிற மாதிரி இருக்கும். ஆனால் இது தீராத வியாதி அல்ல. வீட்டை அமைதியாக வைத்து, எல்லாரும் மெல்லப் பேசி, சத்தத்தை ஆறேழு மாசத்தில் துளித்துளியாகப் பழக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியும். மூன்று பேரில் இருவருக்கு நானே சரிசெய்திருக்கிறேன்.

அறிக்கையில் அறுபது என்று எழுத வேண்டிய இடத்தில் தொண்ணூற்றைந்து என்று எழுதினேன். கீழே, குறிப்பு என்ற இடத்தில், 'தொடர்ந்து இசை கேட்பது பலன் தரும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.  அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை. வாய்ப்பு கிடைத்தது என்றுகூட நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகாமல் விட்டுப்போன வேலை ஒன்று பாக்கி இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாளே ரெக்கார்ட் பிளேயரை அண்ணன் அறையில் கொண்டுபோய் வைத்தேன். காலை பத்திலிருந்து பன்னிரண்டு, மாலை மூன்றிலிருந்து ஐந்து. மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று ஹெட்ஃபோன்தான். எழுபத்தைந்து டெசிபெல்லுக்கு மேல் வைத்ததில்லை. நீங்கள் வேண்டுமானால் அந்த அளவில் கேட்டுப் பாருங்கள், அதைச் சத்தம் என்று யாரும் சொல்ல முடியாது. எதையும் முறையாகச் செய்கிறவன் நான். எடுத்த எடுப்பில் ஸீகல்ஹோஃப் போடவில்லை. புல்லாங்குழல் வருகிற ஒரு தட்டிலிருந்து ஆரம்பித்தேன்.

முதல் இரண்டு நாள் இடது கையால் ஹெட்ஃபோனைப் பிடுங்கிப் போட்டார். மருத்துவமனையில் மூக்குக் குழாயை இழுத்துவிடாமல் இருக்க, மெத்தென்று ஒரு கையுறையும் அதைக் கட்டிலோடு சேர்க்க ஒரு பட்டையும் கொடுத்திருந்தார்கள். அது வீட்டில் சும்மா கிடந்தது. அதைப் போட்டுவிட்டேன். தோலில் ஒரு கீறல்கூட விழாது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் குழுவின் பெயர், எந்த ஊர், யார் என்ன வாசிக்கிறார்கள் என்று பொறுமையாகச் சொல்வேன். முடிந்ததும் அந்த விமர்சகரின் கடிதத்தைப் படித்துக் காட்டுவேன். பிறகு கேட்பேன், "எப்படிண்ணே இருக்கு?" அவர் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். காது இன்னும் தயாராகவில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

அண்ணன் மகள் ஒரு நாள் மதியம் சொல்லாமல் வந்துவிட்டாள். நல்லவேளை, கையுறையைக் கழற்றியிருந்தேன். "சித்தப்பா, அப்பா அழறாரு" என்றாள்.

"பக்கவாதம் வந்தவங்களுக்கு அப்படித்தாம்மா. காரணமே இல்லாம கண்ணுல தண்ணி வரும். டாக்டரே சொன்னாரே" என்றேன். டாக்டர் உண்மையாகவே சொல்லியிருந்தார்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தப் பாட்ட என்னா கிண்டல் பண்ணுவாரு அப்பா. இப்ப பாருங்க, உங்ககூட சேந்து கேக்குறாரு. உங்கள நெனச்சா எனக்குப் பெருமையா இருக்கு சித்தப்பா." அண்ணன் அவள் கையிலிருந்து தன் கையை விடுவித்து, விரலைக் காதுக்குக் கொண்டுபோனார். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. அவள் பதறிப்போய், "காது வலிக்குதாப்பா? சித்தப்பா, கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். நான் பையிலிருந்து விளக்குக் குழலை எடுத்து, இரண்டு காதையும் நிதானமாகப் பார்த்தேன். "அழுக்குகூட இல்லம்மா, கண்ணாடி மாதிரி இருக்கு. ஹெட்ஃபோன் வேணும்னு கேக்குறாரு போல." அவள் சிரித்துக்கொண்டே தானே எடுத்து அவருக்கு மாட்டிவிட்டாள். அண்ணன் அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது, எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. நாற்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் அவருக்குப் பேச வாய் இல்லை, எனக்கு இருந்தது.

அவள் எங்கள் இருவரையும் படம் எடுத்து உறவினர்கள் குழுவில் போட்டாள். முப்பத்தொரு பேர் இதயம் போட்டார்கள். 'அண்ணன் தம்பின்னா இப்படி இருக்கணும்' என்று ஒருவர் எழுதினார்.

இப்படி நாலு மாசம். அழுத்தம் பத்து மணிக்கு நூற்று நாற்பது இருக்கும், பன்னிரண்டு மணிக்கு நூற்று எழுபது. நோட்டில் பன்னிரண்டு மணிக் கணக்கை மட்டும் இரண்டு பத்தியாகப் போட்டேன். ஒன்று உண்மையானது, ஒன்று டாக்டருக்கு. நோட்டு உங்கள் மேஜையில்தான் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள்.

பேச்சுப் பயிற்சிப் பெண்ணை நான் சரியாக எடைபோடவில்லை. அவளுக்கு இயல்பிலேயே குரல் சன்னம், பக்கத்தில் இருந்தால்தான் கேட்கும். அவளிடம் அண்ணன் நன்றாகத் தேறினார். 'தண்ணி' வந்தது, 'கதவு' வந்தது. அவள் வருகிற நாளில் காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் பயிற்சி முடிந்து வெளியே வந்தவள் செருப்பைப் போடாமல் நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? நான் ரகசியம் பேசுற மாதிரி பேசினா அவருக்கு முகமே தெளிஞ்சிடுது. இன்னிக்கு ஃபைல் கீழ விழுந்துச்சு, துடிச்சுப் போயிட்டாரு. நீங்க தாங்குற எல்லை தொண்ணூத்தஞ்சுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இன்னொரு தடவ பாத்துடலாமா? வேற இடத்துல, வேற மெஷின்ல. வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில நேரம் வாங்கிட்டேன். அவர் பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன்."

"தாராளமா பாக்கலாம்மா" என்றேன். அன்று வெள்ளி. சிரித்துக்கொண்டேதான் வழியனுப்பினேன். வியாழக்கிழமை அந்த எண் வெளியே வந்தால் அண்ணனை என்னிடமிருந்து கொண்டுபோய்விடுவார்கள், அவர் பிறகு குணமாகி எல்லாவற்றையும் வாயைத் திறந்து சொல்வார். மறுபடி கூட்டம் கூடும், மறுபடி என்னைப் பற்றிய கதை. எனக்குக் கிடைக்க வேண்டியது மட்டும் கிடைத்திருக்காது. ஆகவே திங்களும் செவ்வாயும் காலை மாலை இரண்டு வேளையும் ஸீகல்ஹோஃப்தான். எண்பது வரைக்கும் வைத்தேன்.

செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு ஊசியை எடுத்துவிட்டு வழக்கம்போலக் கேட்டேன். "எப்படிண்ணே இருக்கு?" கண்ணை மூடவில்லை. வாய் கோணிக்கொண்டு வேலை செய்தது. ரொம்ப நேரம் ஆயிற்று. நான் அவசரப்படுத்தவில்லை. "நல்லா" என்றார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "இருக்குடா".

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உண்மையாகவே அழுதேன். அதற்குப் பிறகு இன்னொரு வார்த்தையும் சொன்னார். 'போதும்' என்று இருந்திருக்கலாம். எனக்குத் தெளிவாக விழவில்லை. தெளிவில்லாததை நான் பதிவு செய்வதில்லை.

அந்தத் தட்டைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாதாரணமாக ஒரு பக்கம் முடிந்ததும் ஊசி நடுவில் போய் நின்றுவிடும். ஸீகல்ஹோஃப்காரர்கள் இரண்டாம் பக்கத்தின் கடைசிக் கோட்டை ஒரு வட்டமாக மூடி, அதற்குள் ஒரு துண்டுத் தாளத்தை அடைத்துவிட்டார்கள். யாராவது வந்து ஊசியைத் தூக்குகிற வரைக்கும் அந்தத் துண்டு திரும்பத் திரும்ப வரும். ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. மணிக்குச் சரியாக இரண்டாயிரம் தடவை. 'இந்தத் தட்டு முடிவதில்லை, கேட்பவர்தான் முடிக்க வேண்டும்' என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அதுவரை அண்ணனுக்கு நான் அதைப் போட்டதில்லை. வட்டம் வந்ததும் எடுத்துவிடுவேன். பிடிக்காதவருக்கு அது கொஞ்சம் அதிகம் என்று தோன்றும். ஆனால் செவ்வாய்க்கிழமை அவர் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டாரே. பிடித்தவருக்கு முழுசாகக் கொடுக்காமல் இருப்பது என்ன நியாயம்?

புதன்கிழமை பயிற்சிப் பெண் வர மாட்டாள். அண்ணன் மகளிடம், "நான் நாள் முழுக்க கூட இருக்கேன்மா, நீ நிம்மதியா வேலையப் பாரு" என்று சொன்னேன். பத்து மணிக்கு அழுத்தம் பார்த்தேன், நூற்று ஐம்பத்தாறு. கையுறையைப் போட்டேன், ஹெட்ஃபோன் நழுவாமல் இருக்கத் தலையைச் சுற்றி ஒரு மெல்லிய துணி. எண்பத்தைந்தில் வைத்து, பத்தேகாலுக்கு இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். அவர் தலையை ஆட்டினார். அவர் விசேஷங்களில் ஆட்டிக் காட்டுவாரே, அப்படி இல்லை, பக்கவாட்டில். இருபத்தோரு நிமிஷத்தில் ஊசி வட்டத்துக்குள் விழுந்தது. அதற்குப் பிறகும் கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மறுபடி அழுத்தம் பார்த்தேன். இருநூற்றுப் பதினெட்டு. நோட்டில் எழுதினேன். பேனாவை மூடினேன், வீட்டைப் பூட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். அன்றைக்கு எனக்கு ஐந்து பேர் பதிவாகியிருந்தார்கள். கடைசியாக வந்தது ஒரு சின்னக் குழந்தை, கொஞ்சம் நேரம் பிடித்தது.

நாலு நாற்பதுக்குத் திரும்பினேன். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் எப்போது போனார் என்று எனக்குத் தெரியாது. டாக்டர் மதியத்துக்கு முன்னால் என்கிறார். அப்படியானால் அந்த வட்டத்தை அவர் கேட்டது ஒன்றரை மணி நேரம்கூட இருக்காது. ஊசியைத் தூக்கினேன். துணியையும் கையுறையையும் கழற்றிப் பையில் வைத்தேன், முகத்தை ஈரத் துண்டால் துடைத்து, தலையை வாரிவிட்டேன். பிறகுதான் அண்ணன் மகளுக்குப் போன் செய்தேன். "அப்பா தூக்கத்துலயே போயிட்டாரும்மா" என்றேன். அவள் ஓடிவந்து என் தோளில் சாய்ந்து அழுதாள், எனக்கு நன்றி சொன்னாள். செய்தி கேட்டு வந்த பயிற்சிப் பெண்தான் அழவில்லை. அறையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். நல்ல பெண், தொழிலில் முன்னுக்கு வருவாள்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லச் சொல்லி என் வக்கீல் சொல்கிறார். அது பொய்யாகிவிடும். இருநூற்றுப் பதினெட்டு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டினேன். அண்ணனைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் செவ்வாய்க்கிழமை நடந்ததை விட்டுவிடாதீர்கள். அதையும் சேர்த்து எழுதி, அண்ணன் மகளுக்கும் மற்ற உறவினர்களுக்கும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நல்லா இருக்குடா என்று அண்ணன் தன் வாயால் சொன்னார். அவராகத்தான் சொன்னார். நான் கட்டாயப்படுத்தவே இல்லை.